அண்ணனைப் பற்றிப் பத்து வாக்கியங்கள்

என் வகுப்பில் இரண்டு விதிகள். முதலாவது மாணவர்களுக்கு: எந்த வாக்கியம் எழுதினாலும் அதன் பின்னால் ஒரு ‘பிகாஸ்’ வர வேண்டும். காரணம் சொல்லாத வாக்கியத்துக்கு என்னிடம் பாதி மதிப்பெண்தான். இரண்டாவது எனக்கு நானே போட்டுக்கொண்டது: வாக்கியம் சரியா என்று பார்ப்பேன், உண்மையா என்று கேட்க மாட்டேன்.

இரண்டாவது விதி சும்மா வந்ததல்ல. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பெண், ‘என் கணவர் தினமும் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிறார், ஏனென்றால் அவருக்குப் போக வேறு இடமில்லை’ என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்தாள். ‘அப்படியா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன். அழுகையில் அன்றைய வகுப்பு போயிற்று, அடுத்த வாரம் அவளும் போனாள். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வானேன்? அன்றிலிருந்து என் சிவப்புப் பேனா இலக்கணத்தைத் தாண்டி ஓர் அடி வைத்ததில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. அந்தப் பெருமை ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

வகுப்பு ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே. செங்குத்தாக முப்பத்தொரு படிகள். செவ்வாயும் சனியும் காலை ஏழு முதல் ஒன்பது வரை. இரண்டு மின்விசிறி, ஒன்று சுற்றும். கதவுப் பூட்டு மட்டும் என் பொறுமையைச் சோதிக்கவென்றே செய்தது. சாவியை உள்ளே விட்டு, தோளால் கதவை இடித்து, நாலு வார்த்தை திட்டினால்தான் திறக்கும். வருகிறவர்கள் எல்லோரும் சம்பாதிக்கிறவர்கள்: ஒரு பஸ் டிரைவர், ஒரு பியூட்டி பார்லர் முதலாளியம்மா, இரண்டு நர்ஸ்கள், ஒரு லிஃப்ட் மெக்கானிக். அப்புறம் ‘ஸ்கேல்’.

ஸ்கேலுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு கம்பெனியில் கிடங்குக் காப்பாளர். ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார். அதனால் அந்தப் பெயர். பட்டப்பெயர் வைத்தது பார்லர்காரம்மா. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரிக்கவும் இல்லை. நான் சொன்னதைச் சொன்னபடி செய்வார். எனக்கு அப்படிப்பட்ட மாணவர்களைப் பிடிக்கும், என்ன செய்ய.

அன்றைய பாடம், ‘முடியாது’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லும் இரண்டு வழிகள். ‘அனேபிள் டு’ என்றால் இப்போதைக்கு முடியவில்லை. பஸ் வரவில்லை, காய்ச்சல், கை சுளுக்கு. நாளைக்கு முடியலாம். ‘இன்கேப்பபிள் ஆஃப்’ என்றால் அந்த ஆளுக்குள் அந்தத் திறனே இல்லை; நாளைக்கு வந்து கேட்டும் பயனில்லை. கரும்பலகையில் இதை எழுதிவிட்டு, வீட்டில் இருக்கும் ஒருவரைப் பற்றிப் பத்து வாக்கியங்கள் எழுதி வரச் சொன்னேன்.

அடுத்த வகுப்பு ஒரே கும்மாளம். பார்லர்காரம்மாவின் கணவருக்குப் போர்வை மடிக்கும் திறன் கிடையாது, ஏனென்றால் அவர் நான்கு அக்காக்களுக்குப் பின்னால் பிறந்தவர். டிரைவரின் மாமியாருக்கு மெதுவாகப் பேசும் திறன் கிடையாது, ஏனென்றால் ஊர் முழுக்கத் தெரியாத செய்தி செய்தியே அல்ல என்பது அவர் கட்சி. சிரித்துச் சிரித்து வயிறு புண்ணானது. ஸ்கேல் நோட்டை மட்டும் யாரும் படிக்கச் சொல்லவில்லை. அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்தினேன்.

அவர் தன் அண்ணனைப் பற்றி எழுதியிருந்தார். அண்ணனால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, ஏனென்றால் வலது கையில் பலமில்லை. அண்ணனால் கையெழுத்துப் போட முடியவில்லை, ஏனென்றால் பேனா நழுவுகிறது. பத்தும் ‘அனேபிள் டு’. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: ‘நாளையும் முடியாதென்றால் இன்கேப்பபிள் ஆஃப்.’

நோட்டைத் திருப்பிக் கொடுத்த அன்று, வகுப்பு முடிந்ததும் ஸ்கேல் அதோடு வந்து நின்றார்.

“மேடம், எனக்கு இதுல எது வரும்?”

“நாளைக்கு முடியுமா முடியாதா, அதைப் பாத்து எழுதுங்க.”

ஸ்கேலை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி யோசித்தார். “முடியாதுன்னு வெச்சுக்கலாம் மேடம்.”

“அப்ப இன்கேப்பபிள் ஆஃப்.”

வெச்சுக்கலாம் என்றாரே, அதென்ன வெச்சுக்கலாம்? இன்றைக்குக் கேட்கத் தோன்றுகிறது. அன்றைக்கு விதி இருந்தது.

அதற்குப் பிறகு ஏழு வாரங்கள் அவர் அதையேதான் எழுதினார். மற்ற பாடங்கள் ஓடிக்கொண்டிருக்க, அவர் மட்டும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் அண்ணனை வளர்த்துக்கொண்டே போனார். அண்ணனுக்கு நடக்கும் திறனில்லை. அண்ணனுக்கு ஆட்களை அடையாளம் காணும் திறனில்லை. ஒரு சொல்லை இன்னொரு சொல்லோடு சேர்த்துப் பேசும் திறனில்லை. தன் சொந்தக் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளும் திறனில்லை. “ஆபீசுக்கு எழுதற மாதிரி இருக்கணும் மேடம்” என்பார். நானும் சொல்லுக்குச் சொல் இழைத்துக் கொடுத்தேன். ‘சொந்தக் காரியங்கள்’ என்பதற்கு அலுவலகங்களில் புழங்கும் சொற்றொடரைத் தேடி எடுத்துக் கொடுத்ததும் நான்தான். பிழை குறையக் குறைய அண்ணன் தேய்ந்துகொண்டே போனார். ஒருநாள் அதில் ஒரு பக்கத்தை வகுப்பில் மாதிரியாக வாசித்தும் காட்டினேன். பாவம், நல்ல தம்பி என்று நர்ஸ் ஒருத்தி கண் கலங்கினாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

போன சனிக்கிழமை ஸ்கேல் வரவில்லை. ஒன்பது மணிக்கு எல்லோரும் போன பின் கதவுப் பக்கம் உலோகம் உரசும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், அறுபது வயதுக்காரர் ஒருவர் குந்தி உட்கார்ந்து என் பூட்டுக்குள் ஒரு கம்பியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தார்.

“தப்பா நெனைக்காதீங்கம்மா. வகுப்பு முடியட்டும்னு நின்னேன். பூட்டு பாவமா இருந்துச்சு, கை சும்மா இருக்கல. உள்ள ஸ்பிரிங் ஏறிக் கெடந்தது. இப்ப போட்டுப் பாருங்க.”

சாவியைத் திருப்பினேன். வெண்ணெயில் போவது போலப் போயிற்று. என் தோளுக்கே நம்பிக்கை வரவில்லை.

“என் தம்பி இங்கதான் படிக்கிறான்” என்றார். “கோடு போட்டுக் கோடு போட்டு எழுதுவானே, அவன்.”

முப்பத்தொரு படி ஏறி வந்த அந்தக் கால்களைப் பார்த்தேன்.

பெஞ்சில் உட்கார்ந்து அவரே சொன்னார். பூட்டு, சாவி வேலை செய்பவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீடு அவர் பேரில்; தம்பி குடும்பமும் அதில்தான். மூன்று மாதம் முன்னால் ஒரு காய்ச்சல் வந்து வலது கை விழுந்துபோனது. அப்புறம் மெல்ல மெல்லத் தேறிவிட்டது. முதல் வாரம் பொத்தான், அடுத்த வாரம் கரண்டி, அதற்கடுத்து சாவி ராவும் அரம். அவர் தேறி வந்த வாரங்களை மனதுக்குள் எண்ணினேன். ஏழு.

பைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்தார். எனக்குத் தெரிந்த நோட்டு.

“இதுல என்னைப் பத்திதான் எழுதறான்னு சின்னப் பொண்ணு சொல்லிச்சு, அவன் மக. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. திங்கக்கெழம ஏதோ ஆபீஸ்லேர்ந்து வர்றாங்களாம். நான் படுத்துக்கிட்டுப் பேசாம இருந்தாப் போதுமாம், ஏதோ உதவித் திட்டம்ங்கறான். கூடப் பொறந்தவன், சந்தேகப்படக் கூடாது. ஆனாலும் மனசு கேக்கல. படிச்சுச் சொல்லுங்கம்மா. இந்தச் செவப்பு டிக்கெல்லாம் நீங்க போட்டதுதானே?”

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைச் சாய்த்தது. பக்கத்துக்குப் பக்கம் என் டிக். ‘மிக நன்று’ என்று இரண்டு இடத்தில். இதைத் தமிழில் படித்துக் காட்டிவிட்டு அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? வெட்கம் ஒரு பக்கம், வம்பு எதற்கு என்ற பழைய பயம் ஒரு பக்கம். வாய் தானாகச் சொன்னது:

“உங்க மேல உள்ள பாசத்தைத்தாங்க எழுதியிருக்கார். நீங்க சீக்கிரம் குணமாகணும்னு.”

அவர் தோள் தளர்ந்தது. “அதானே பாத்தேன்” என்று சிரித்தார். நோட்டை வாங்கிக்கொண்டு, பூட்டுக்கு நான் காசு கொடுக்கப் போனதை மறுத்துவிட்டு, கைப்பிடியைத் தொடாமல் படி இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் சாப்பிடவில்லை. வகுப்புக்குப் போய்க் கதவைப் பூட்டித் திறந்து, பூட்டித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் சத்தமில்லாமல் திறந்து என்னைக் கேவலப்படுத்தியது. திங்கட்கிழமை காலை, சேர்க்கைப் பதிவேட்டில் முகவரி பார்த்துக் கிளம்பினேன். ஒரு பஸ் நிற்காமல் போய்விட்டது.

போய்ச் சேர்ந்தபோது அலுவலகத்து வண்டி வாசலில் நின்றது. முன்னறைச் சுவரில் ஆணிக்கு ஆணி சாவிகள். உள்ளறையில் கட்டில். அதில் அவர், கழுத்துவரை போர்வை. பக்கத்து ஸ்டூலில் ஒரு டம்ளர். அடியில் வெள்ளையாக ஏதோ கரையாமல் தங்கியிருந்தது. அலுவலரம்மா ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தார். கூட ஒரு கிளார்க். ஸ்கேல் என்னைப் பார்த்து எழுந்து நின்றார், வகுப்பில் நிற்பது போல.

“எங்க இங்கிலீஷ் மேடம். மனுவுல ஒரு பிழை இருக்காது, பாத்தீங்கல்ல? இவங்க திருத்தினது.”

“நல்லா எழுதியிருக்கு” என்றார் அலுவலரம்மா. அவருக்குக் கொடுத்திருந்தது தட்டச்சுப் பிரதி. என் சொற்கள் ஒன்றுகூட விடாமல் இருந்தன.

“அது எல்லாமே பொய்ம்மா” என்றேன். “இவர் சனிக்கெழம என் வகுப்புக்கு வந்தார். முப்பத்தொரு படி ஏறி. என் பூட்ட சரி பண்ணிக் குடுத்தார். அரை மணி நேரம் பேசிக்கிட்டிருந்தார்.”

அலுவலரம்மா கட்டிலைப் பார்த்தார். ஸ்கேல் குரலை உயர்த்தவே இல்லை.

“மேடம், நீங்க வேற யாரையோ பாத்திருப்பீங்க. அண்ணன் மூணு மாசமா இந்தக் கட்டில விட்டு எறங்கலையே.”

“யாராவது கூட இருந்தாங்களா?” என்று அலுவலரம்மா என்னைக் கேட்டார்.

“இல்ல. பூட்டு இருக்கு.”

கிளார்க் சிரிப்பை அடக்கிக்கொண்டான். நான் கட்டிலுக்கு அருகில் போய்க் குனிந்தேன். அவர் கண்கள் பாதி திறந்திருந்தன. என்னைத் தேடி மெதுவாக நகர்ந்து, என் முகத்தில் வந்து நின்றன.

“அண்ணே, சனிக்கெழம நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன். நோட்டுல பாசம் இல்ல. உங்களுக்கு நடக்க முடியாது, பேச முடியாது, யாரையும் தெரியாதுன்னு எழுதியிருக்கு. இனிமே எப்பவுமே முடியாதுன்னு. அதைத்தான் இவங்க பாக்க வந்திருக்காங்க. பேசுங்க. தயவுசெஞ்சு ஒரு வார்த்த பேசுங்க.”

அவருக்குப் புரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், புரிந்தது. உதடு கோணியது, நாக்கு உள்ளேயே புரண்டது, உமிழ்நீர் வழிந்ததே தவிர சத்தம் வரவில்லை. போர்வைக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. நெஞ்சுவரை ஊர்ந்து போய்த் திறந்திருந்த மேல் பொத்தானைப் பிடித்தது. துளையைத் தேடியது. நழுவியது. மறுபடி பிடித்தது. மறுபடியும் நழுவியது. அப்படியே விழுந்து கிடந்தது.

அலுவலரம்மா மனுவின் முதல் வாக்கியத்தைப் பார்த்தார். பொத்தான். பக்கத்தில் ஒரு டிக் போட்டார். நான் போடுவது போலவேதான் இருந்தது.

“நான் பாத்ததத்தான் எழுத முடியும்” என்றார் என்னிடம், இரக்கமில்லாமல் இல்லை. “அந்த டம்ளர்ல என்ன?” என்று கேட்டேன். “டாக்டர் குடுத்த சத்து மருந்து” என்றார் ஸ்கேல். அண்ணனைக் கவனிப்பு இல்லத்தில் சேர்க்கச் சொல்லி அன்றே உத்தரவானது. தம்பியைப் பாதுகாவலராக நியமிக்கும் ஆணை பத்து நாளில் வருமாம். அதன் பின் வீட்டுக்கும் அவருக்கும் தம்பி போடுவதுதான் கையெழுத்து. தூக்கிக்கொண்டு போனபோது அவர் கண்கள் சுவரிலிருந்த சாவிகளையே பார்த்துக்கொண்டு போயின.

மறுநாள் செவ்வாய். ஸ்கேல் வகுப்புக்கு வந்தார். வழக்கமான இடம், வழக்கமான இஸ்திரிச் சட்டை. எனக்குச் சாக்பீஸ் இரண்டு முறை ஒடிந்தது. எல்லோரும் போன பின் ஒரு தாளோடு மேசைக்கு வந்தார்.

“அந்த ஆபீசுக்கு உங்களப் பத்தி ஒரு லெட்டர் குடுக்கலாம்னு இருக்கேன் மேடம். நேத்து வந்து தகராறு பண்ணீங்க இல்ல, நாளைக்கு மறுபடி போய் ஏதாவது சொன்னா அவங்க நம்பக் கூடாது பாருங்க. பிழையோட குடுத்தா உங்களுக்குத்தான் அசிங்கம். நீங்களே திருத்திக் குடுத்துருங்க.”

மிரட்டலைக்கூட அடக்க ஒடுக்கமாகச் செய்கிற மனிதர். தாளை வாங்கினேன். அவர் முகத்தில் திருப்திகூடத் தெரியவில்லை.

ஒவ்வொரு வரிக்கும் கீழே கோடு. முதல் வாக்கியம்: என் ஆசிரியைக்கு உண்மை பேசும் திறன் கிடையாது. ‘இன்கேப்பபிள் ஆஃப்’ கச்சிதமாக வந்திருந்தது. அதற்குப் பின்னால், நான் இத்தனை மாதம் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்த ‘பிகாஸ்’. அதற்கும் பின்னால் காரணம்: ஏனென்றால், சனிக்கிழமை என் அண்ணன் அவரிடம் போய், நான் எழுதியதைப் படித்துச் சொல்லும்படி கேட்டபோது, அவர் வேண்டுமென்றே தவறாகச் சொன்னார், அதை என் அண்ணனே வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்.

நான் அதை இரண்டாம் முறை படித்தேன். மூன்றாம் முறையும் படித்தேன். போனார். கேட்டார். வந்து சொன்னார். கட்டிலை விட்டு இறங்காத அண்ணன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கெட்டிருந்தது. பாதி மதிப்பெண் போய்விடக் கூடாதே என்று.

“தப்பு இருக்கா மேடம்?”

“வாக்கியத்துல ஒரு தப்பும் இல்ல” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. “ஆனா லெட்டர்னா கீழ கையெழுத்தும் தேதியும் வரணும். போன மாசம் நடத்தினேனே.”

“ஆமா, மறந்துட்டேன்.” அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். அதன் கீழேயும் கோடு போட்டார்.

“இங்கயே இருக்கட்டும். ஒரு தடவ நல்லாப் பாத்துட்டு சனிக்கெழம தர்றேன்.”

தலையாட்டிவிட்டுப் போனார். மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். படியில் அவர் காலடி ஓயும்வரை நான் மூச்சுவிடவில்லை.

கீழே ஜெராக்ஸ் கடையில் மூன்று பிரதி எடுத்துக்கொண்டு நேராக அலுவலகம் போனேன். வெளியே போயிருந்த அலுவலரம்மா திரும்பி வரப் பன்னிரண்டரை ஆனது. தாளை வாங்கிப் படித்தார். ஃபைலைத் திறந்து, ‘மூன்று மாதமாகப் படுக்கையில்’ என்ற இடத்தைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“இதுல எழுதியிருக்கறது உண்மையா?”

பதினெட்டு வருடமாக எந்த நோட்டைப் பார்த்தும் நான் கேட்காத கேள்வி.

“உண்மை. அவர் வந்தார், கேட்டார். நான்தான் பொய் சொன்னேன்.”

“இத நான் ஃபைல்ல வெச்சா உங்க பேரும் கெடும். தெரியுமா?”

“கெடட்டும்மா.”

அவர் போனை எடுத்துக் கவனிப்பு இல்லத்துக்குப் பேசினார். அண்ணனின் பெயர், அறை எண் சொன்னார். அவரோடு பேச வேண்டும் என்றார். எதிர்ப்பக்கம் சொன்னது எனக்கும் கேட்டது: “இப்ப முடியாதுங்கம்மா. அவரு தம்பி காலையில வந்து மருந்து குடுத்துட்டுப் போனாரு. மதியத்துக்கும் ஒண்ணு வெச்சுட்டுப் போயிருக்காரு.”

அலுவலரம்மா என்னைப் பார்த்தார். சுவரில் மணி பன்னிரண்டு ஐம்பது.

“அந்த மருந்தக் குடுக்காதீங்க” என்றார் போனில். “யார் கையில இருக்குன்னு மொதல்ல பாருங்க. இப்ப முடியலன்னா எப்ப முடியும், அதச் சொல்லுங்க.”

எதிர்ப்பக்கத்தில் ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. யாரோ நீண்ட வராந்தாவில் நடந்து போகும் சத்தமும் கேட்டது. நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.